புலுகிசியின் முன்கால்கள்

1

யானை ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பின்கால்களாக ஓடியவன் பேக்காராஜ். அவனுக்குத் தெரு தெரியாது, ஆள் தெரியாது, வானம் தெரியாது. மூங்கில் சட்டத்துக்குள் இடுப்பை ஒடித்துக் குனிந்து, வியர்வை கண்ணில் வழிய, முன்னால் ஓடுகிற இரண்டு குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினான். இடது குதிகால் எழும்பினால் இவன் வலது காலை எடுக்க வேண்டும். வலது எழும்பினால் இடது. பின்கால் உத்தியோகம் அவ்வளவுதான்.

அந்தக் குதிகால்கள் அவனுடைய அண்ணன் ஹேராகாஜியுடையவை. பிறந்ததிலிருந்து பார்த்த கால்கள்.

அசன் சந்தைக்குள் நுழைந்துவிட்டோம் என்பதை மிளகாய் நெடி சொன்னது. யானை ஒரு சந்தின் வாயில் நின்றது. எதிரே முகமூடி ஆட்டக்காரர்கள் கடந்து போகிறார்கள் போலிருக்கிறது. ஜால்ரா காதைப் பிளந்தது. யாரோ துணிக்குள் கையை விட்டு அவன் பிடரியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள். சட்டம் ஒரு தடவை குலுங்கியது. பேக்கா தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிராமல் பார்த்தான்.

முன்னால் இருந்தவை அண்ணனின் கால்கள் இல்லை.

நிறுத்துகிறேன்.

இப்படித் தொடங்கினால் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக வாராந்தரியில் தொடர் எழுதுகிறவனுக்கு அதுகூடத் தெரியாதா? இரண்டாம் பத்தியில் ரத்தம். நான்காம் பத்தியில் ஒரு பெண்ணின் கைப்பை. இந்தக் கதையில் இரண்டும் கிடையாது. எனவே இது எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பத்து நாளைக்கு முன்பு, காலை ஏழரை மணிக்கு, பேக்கா என் வீட்டுப் படியேறி வந்தான். நான் வாசற்கதவைச் சாத்த மறந்திருந்தேன்.

"அண்ணே, நீங்க வாரா வாரம் கொலை கண்டுபிடிக்கிறீங்க. ஒரு ஜோடிக் காலைக் கண்டுபிடிச்சுத் தர மாட்டீங்களா?"

"கொலையைக் கண்டுபிடிக்கிறது சுலபம்டா. செய்யச் சொன்னவனே நான்தானே."

அவன் சிரிக்கவில்லை. "போன வருஷம் யாத்திரையில, அசன் சந்துல, எங்க அண்ணன் இறங்கினதுக்கப்புறம் முன்கால்ல ஏறினது யாரு? அது தெரிஞ்சா மத்தது எல்லாம் தெரிஞ்சுடும்னு தோணுது."

(பேக்கா இன்னொரு வாக்கியமும் சொன்னான். கதைக்குத் தேவையில்லை என்று வெட்டிவிட்டேன்.)

"மத்தது எல்லாம்னா?"

"கிஜா பூஜை வருதுல்ல. இந்த வருஷமும் அக்கா எனக்கு மண்டலம் போட மாட்டாங்களாம். ஏன்னு கேட்டா, 'உனக்கே தெரியும்'ங்கிறாங்க. சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

2

அக்கா தம்பிக்குத் தரையில் மண்டலம் வரைந்து, உட்காரவைத்து, தலையில் எண்ணெய் தொட்டு, வாடாமல்லி மாலை போடாத கிஜா பூஜை எங்கள் நேவார் ஜனங்களின் வீட்டில் எப்போது நடக்கும்? வீட்டில் சாவு விழுந்த வருடத்தில். போன வருடம் அப்படித்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வருடத் திதி முடிந்து, வெள்ளை உடுப்பைக் கழற்றிய பிறகும் போட மாட்டேன் என்றால், அது அக்காள் தம்பியைச் செத்தவன் கணக்கில் சேர்ப்பது. முப்பத்து மூன்று வயது ஆண்மகன் ஒருவன் என் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது அதற்காகத்தான்.

குடும்பம் சின்னது. மூத்தவன் ஹேராகாஜி. நடுவில் தனமாயா. கடைசி பேக்காராஜ். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா ஹர்ஷமாயா, போன வருடம் இந்திர யாத்திரைத் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

புலுகிசி எங்கள் பேட்டையின் யானை. எஜமான் இந்திரன் தன் தாய்க்காகப் பூத் திருட வந்து எங்கள் ஊராரிடம் பிடிபட்டு, கட்டுண்டு கிடக்கிறான். அவனைத் தேடிப் பித்துப் பிடித்து ஓடுகிறது யானை. மூங்கிலும் துணியும்தான். உள்ளே இரண்டு பேர். முன்கால் ஒருவன், பின்கால் ஒருவன். யானைக்கென்று இருக்கிற வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப வீடு சேரும் வரை அதைத் தரையில் இறக்கக் கூடாது. இறக்கினால் மன்னிப்புப் பூஜை, ஊர் முழுக்க ஏளனம்.

*இங்கே ஒரு விளக்கம். யானைக்குள் யார் என்று எங்கள் பேட்டையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள். பேக்கா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். டீக்கடை ஞானிமையா, "முன்கால் யாருதுன்னா கேக்குறே? யானையோடதுதான். பக்கத்து வீட்டு மாட்டுக்கிட்டயா வாங்கியாந்தோம்?" என்றாள். தீவட்டி பிடித்த தீர்த்தா இப்போது கொரியாவில் ஒரு காளான் பண்ணையில் இருக்கிறான். போனில், "காளானுக்குக் காலு ஒண்ணுதான் பேக்கா, எனக்கு இப்ப அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தீர்த்தா நல்லவன்.

யாத்திரையன்று காலை பேக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா பிராணவாயு மூடியை நகர்த்தி, "நீ இங்க உக்காந்திருந்தா யானை மூணு காலுலயா ஓடும்?" என்றாளாம்.

"ரெண்டு காலும்மா. மீதி ரெண்டு அண்ணனோடது."

"அதான். போ. முடிச்சுட்டு நேரா இங்க வா. முகத்தைக்கூடக் கழுவாதே, அப்படியே வா."

அவன் சரி என்றான். இதுதான் அவன் கொடுத்த வாக்கு.

3

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். முதல் வரைவில் புதிய கால்களுக்குக் கறுப்புக் கால்சட்டை கொடுத்தேன். பேக்கா படித்துவிட்டு, "சாம்பல் நிறம்ணே, முட்டி வரைக்கும் மடிச்சிருந்துச்சு" என்று திருத்தினான். கால்களைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்கிறவன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதது எனக்கு

எனக்கு வசதியாக

விடுங்கள். கதைக்குப் போவோம்.]

யானை மறுபடி ஓடத் தொடங்கியது. பேக்காவின் உடம்பு தானாக ஓடியது, புத்தி பின்தங்கிவிட்டது. யானைக்கு முன்னால் போகிற மணி முன்போலவே வெளியே அடித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் கூச்சலிட்டார்கள். எதுவும் மாறவில்லை, கால்களைத் தவிர.

"அண்ணா?" என்றான்.

கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஒருவேளை அண்ணன்தானோ? சேறு பட்டிருக்குமோ? கால்சட்டையை மாற்ற ஏது நேரம்? குனிந்த தலையை இன்னும் குனிந்து பார்த்தான். இந்தக் குதிகால்கள் அகலமானவை. ஓட்டமும் வேறு. அண்ணன் தூக்கித் தூக்கி வைப்பான். இது தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற, பழக்கப்பட்ட, சோம்பேறி ஓட்டம். ஆனால் தப்பில்லாத ஓட்டம்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சா? அம்மாவுக்கு ஏதாச்சும்...?"

முன்கால்கள் ஒரு எட்டு தவறின. சட்டம் பக்கவாட்டில் சாய்ந்தது. பேக்கா தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். பிறகு அந்தக் கால்கள் முன்னைவிட வேகமாக ஓடின.

வெளியே ஒரு பெண் குரல் கூவியது: "ஏ புலுகிசி! பின்காலு தள்ளாடுது பாரு, சாராயம் உள்ள போயிருக்கு!"

"போகாம? இந்திரனைத் தேடுறதா, இந்திரச் சாராயத்தைத் தேடுறதா?"

சிரிப்பு. அடுத்த கணம் யானை எதையோ முட்டியது. இரும்பு சரிந்த ஓசை.

"யோவ்! ஒரு ஹார்ன் அடிக்கக் கூடாதா?"

"யானைக்கு எங்கய்யா ஹார்ன்? நீ பைக்கைச் சாமி வர்ற வழியில நிறுத்திட்டு யானையக் குறை சொல்றியா?"

எல்லாம் காதில் விழுந்தது, ஒன்றும் ஏறவில்லை. அவன் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

சாவுத் தீட்டு சாவிலிருந்து தொடங்குவதில்லை. காதில் விழுந்ததிலிருந்து தொடங்குகிறது. எங்கள் பேட்டையில் அப்படித்தான். அம்மா போய்விட்டாள் என்றால், அது அண்ணன் காதில் விழுந்திருக்கும். விழுந்த மறுகணம் அவன் யானைக்குள் இருக்க முடியாது. இறங்கிவிட்டான். என் காதில் இன்னும் விழவில்லை. விழாத வரை நான் சுத்தம். விழாத வரை யானை ஓடலாம். அதனால்தான் எவனோ ஒருவனை முன்னால் ஏற்றிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இவன் பதில் பேசாததும் அதனால்தான்.

அப்படியென்றால் அம்மாவுக்குக் கொள்ளி? தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். என்னை விட்டுவிட்டு எரிக்க முடியாது. அவசரமில்லை, காத்திருப்பார்கள்.

ஆனால் அம்மா போகவில்லை என்றால்? அண்ணன் வயிற்று வலி என்று இறங்கியிருந்தால்? கால் சுளுக்கியிருந்தால்?

இன்னொரு தடவை கேட்கலாம். உரக்கக் கேட்டால் வெளியே இருப்பவர்களாவது பதில் சொல்வார்கள்.

பேக்கா கேட்கவில்லை.

"பயமாயிருந்துச்சுண்ணே," என்று என்னிடம் சொன்னான். "கேட்டா பதில் வந்துடும்ல. வந்துட்டா அவ்வளவுதானே. கேக்காம இருந்தா அம்மா ரெண்டு விதமாவும் இருக்காங்க."

4

மணிக்காரரைப் பற்றி நான் எழுதியாக வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

யானைக்கு முன்னால் தீவட்டிக்காரன் ஒருவன், மணியடிப்பவர் ஒருவர். உள்ளே இருப்பவர்களுக்கு ஜேபி கிடையாது என்பதால் இரண்டு பேரின் போன்களும் மணிக்காரரின் தோள்பையில் இருக்கும். இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. தொடர்கதை எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: பையில் இரண்டு போன் வைத்திருப்பவனை வாசகர்கள் மூன்றாம் வாரமே பிடித்துவிடுவார்கள். எனவே அவரை நீக்கிப் பார்த்தேன். போன்களை டீக்கடையில் கொடுத்ததாக எழுதினேன். அப்போது சேதி ஹேராகாஜிக்கு எப்படி வரும்? ஞானிமையா அசன் வரைக்கும் ஓடிவர வேண்டும். ஞானிமையாவின் உடம்புக்கு அது நடக்காது. மணிக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

பெயர் ஒன்று வைத்தேன். அடித்தேன். இளைஞனாக்கினேன். பொருந்தவில்லை. ஐம்பத்து மூன்று வயது, கொஞ்சம் தொப்பை, ஒரு காலத்தில் தானே யானைக்குள் ஓடியவர். அப்படியே இருக்கட்டும்.

அவர் செய்தது இது. பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குப் பைக்குள் ஒரு போன் அதிர்ந்தது. பேக்காவின் போன். திரையில் தனமாயாவின் பெயர். சந்தின் ஓரத்துக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார். அரை நிமிடம்கூட இல்லை. திரும்பி வந்து, யானையின் தும்பிக்கைத் துணியைத் தூக்கி, உள்ளே தலையை விட்டு ஹேராகாஜியிடம் சொன்னார்:

"அம்மா கூப்பிடுறாங்களாம். கிளம்பு."

ஹேராகாஜி ஏன், என்ன என்று கேட்கவில்லை. அவன் எப்போதுமே கேட்கிறவன் இல்லை. நழுவி வெளியே வந்தான். தெரிந்த ஒருவனின் பைக் பின்னால் ஏறினான். மூன்று இருபதுக்கு அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருந்தான்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உயிர் போன நேரம் இருக்கிறது: நான்கு முப்பத்தைந்து. யானை வீடு சேர்ந்தது ஐந்து பத்துக்கு. பேக்காவைத் துணிக்குள்ளிருந்து உருவியெடுத்து, முகம்கூடக் கழுவவிடாமல் பைக்கில் ஏற்றினார்கள். முன்னால் இருந்தவன் அதற்குள் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

*அன்று மாலையே இந்திரனின் தாய் தாகினி, மகனைத் தேடி ஊருக்குள் இறங்கினாள். அந்த வருடம் செத்தவர்கள் அவள் பின்னால் போவார்கள். நான்கு முப்பத்தைந்துக்குப் போன ஹர்ஷமாயா அந்த வருடக் கூட்டத்தில் சேர்த்தியா, அடுத்த வருடத்துக்கா என்று பேட்டையில் இரண்டு கட்சி. சாம்பல் ஆறுவதற்குள் போக முடியாது என்கிறது ஒன்று. வரிசை கிளம்புமுன் செத்தவருக்கு இடம் உண்டு என்கிறது இன்னொன்று. பேக்கா இரண்டாவது கட்சி. என்னைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அவன் ஓட்டத்தில் போட்ட கணக்கு தப்பு. அம்மா சாகவில்லை, கூப்பிட்டாள். காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனை அரிப்பது வேறு.

"அண்ணனைக் கூப்பிட்டாங்க. சரி. என்னை ஏன்ணே கூப்பிடலே? நான்தான் 'நேரா வரேன்'னு சொன்னவன். கடைசி நேரத்துல என் ஞாபகம் வரலையா அவங்களுக்கு?"

ஒரு வருடமாக இதோடு தூங்கி எழுகிறான். போதாததற்கு அக்காவும் முகம் கொடுப்பதில்லை.

5

வாராந்தரியின் ஆசிரியர் சாயமி போன் செய்தார். தீபாவளி இதழ் வெள்ளிக்கிழமை வருகிறது. கிஜா பூஜை ஞாயிற்றுக்கிழமை.

"கதை எங்கய்யா?"

"முடிவு வரலை."

"உமக்கு முடிவு வரலையா? பதினெட்டு பேரை மொட்டை மாடியிலேர்ந்து தள்ளினவர் நீர். ஒருத்தனைத் தள்ளிவிடும்."

"இது தள்ளுற கதை இல்லை. முன்கால்ல யாருங்கிற கதை."

"அடடா! அப்ப இந்திரனையே போடும். எஜமான் யானைக்குள்ளேயே இருந்திருக்கான், யானை ஊர் பூரா தேடியிருக்கு. கடைசிப் பத்தியில அடி விழணும். படிக்கிறவன் டீயைக் கொட்டணும்."

நல்ல யோசனைதான். எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: யானை வீடு சேர்கிறது. பேக்கா முன்பக்கத் துணியைத் தூக்குகிறான். உள்ளே யாருமில்லை. ஒரு பாரிஜாதப் பூ மட்டும். [பேக்காவிடம் படித்துக் காட்டினேன். "இந்திரனுக்குக் குதிகால்ல வெடிப்பு இருக்குமாண்ணே?" என்றான். கிழித்துவிட்டேன்.]

இரண்டாம் முடிவு: பக்கத்துப் பேட்டைக்காரன் ஒருவன் யானையைக் கவிழ்க்க ஏறினான். அப்படியென்றால் ஏன் கவிழ்க்கவில்லை? ஏன் அசனிலிருந்து வீடு வரை ஒரு எட்டு மட்டும் தவறி, மற்றபடி பிசகாமல் ஓடினான்? பகைவன் இவ்வளவு ஒழுங்காக ஓடுவானா?

மூன்றாம் முடிவு: கால்கள் மாறவே இல்லை, வெக்கையில் மூளை கலங்கியது. இது நடக்காது. மூன்று இருபதுக்கு ஹேராகாஜி ஆஸ்பத்திரியில் இருந்ததைத் தனமாயா பார்த்திருக்கிறாள்.

நான்காம் முடிவு: மணிக்காரர்

இல்லை.

ஒரு கதைக்கு இத்தனை முடிவு வந்தால் என்ன அர்த்தம் என்று புதிதாக எழுத வருகிற பையன்கள் என்னிடம் கேட்பதுண்டு. எழுதுகிறவன் இன்னும் கதையைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்புவேன். கண்டுபிடித்துவிட்டு ஒளித்துவைத்திருக்கலாம் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

6

கதைக்காகத்தான் தனமாயாவின் கடைக்குப் போனேன். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. அசனுக்குப் பின்னால் திரிக்கடை. பண்டிகை வாரம், வாசலில் பெண்கள் கூட்டம். தனமாயா உள்ளே உட்கார்ந்து முழங்காலில் நூலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க எழுத்தாளரே. வீட்டுல தினம் தீபாவளியா? போன வாரம்தானே ஒரு கட்டு திரி வாங்கிட்டுப் போனீங்க?"

"நனைஞ்சு போச்சு."

"அதுக்கு முந்தின வாரத்துக் கட்டு?"

"எலி."

"எலி திரியத் திங்குமா? உங்க கதையில வேணா திங்கும்." பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் ஒரு கட்டை எடுத்துத் தாளில் சுற்றினாள். சுற்றிய தாள் என் தொடர்தான், பதினான்காம் அத்தியாயம். "இதுல அந்த டாக்டர்தானே கொன்னது? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"மூஞ்சி எங்க இருக்கு, எழுத்துதானே இருக்கு."

"எழுத்துலயும் மூஞ்சி தெரியும்ணே."

கூட்டம் கலைந்தது. நான் கிளம்பியிருக்க வேண்டும்.

"இந்த வருஷம் எத்தனை மண்டலம் போடுறே தனமாயா?"

"ஒண்ணு. அண்ணனுக்கு."

"பேக்காவுக்கு?"

நூல் உருட்டும் கை நிற்கவில்லை. "வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். 'அக்கா, எனக்கு அன்னைக்கு யானைதான் பெருசாப் போச்சு'ன்னு வாயைத் திறந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம். செஞ்சதைவிட, ஒண்ணுமே தெரியாத மாதிரி 'ஏங்க்கா, ஏங்க்கா'ன்னு வந்து நிக்கிறான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலே."

"அவனுக்கு நிஜமாவே ஒண்ணும் புரியலையாம்மா."

"புரியலையாமா? நல்லா இருக்கே!" கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏன், அன்னைக்கு நீங்க

(இந்த வரியை முடிக்க முடியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அடுத்த பகுதிக்குப் போகிறேன்.)

7

வெட்டியதை ஒட்டுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

முதல் பகுதியில் பேக்கா சொன்ன, நான் வெட்டிய வாக்கியம்: "அன்னைக்கு மணி அடிச்சவரு நீங்கதானேண்ணே, உங்களுக்குத் தெரியாம யாரு உள்ள போயிருக்க முடியும்?"

நான் சொன்ன பதிலையும் சேர்த்தே வெட்டியிருந்தேன்: "கூட்டம்டா. எவனோ ஏறினான்."

நான்தான் ஏறினேன். மணியைத் தீர்த்தாவின் இன்னொரு கையில் திணித்துவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஏறினேன். அவன் "அண்ணா" என்றபோது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் தெரிந்துவிடும். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது ஒரு எட்டு தவறியது. அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. வேகமாக ஓடினேன்.

தனமாயாவின் வரி இப்படி முடிந்தது: "அன்னைக்கு நீங்க நான் போன்ல சொன்னதை அவன்கிட்ட அப்படியே சொன்னீங்கதானே?"

நான் தலையை ஆட்டினேன். "சொன்னேன்" என்று வாயாலும் சொன்னேன். திரிக்கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒருவனை இறக்கினால் அவன் இடத்தில் ஒருவன் ஏற வேண்டும். பேட்டைக்கு ஆள் அனுப்பிப் பின்கால் தெரிந்த ஒருவனைக் கூட்டிவர இருபது நிமிடம் ஆகும். யானை இருபது நிமிடம் சந்தில் நிற்கும். அசன் முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான். பின்காலுக்கு இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டும், வீடு வரைக்கும் நிமிர முடியாது. எனக்கு முதுகெலும்புத் தட்டு விலகி ஆறு வருடம் ஆகிறது. முன்கால் என்றால் பாதி நிமிர்ந்து ஓடலாம். கண் துளை வழியே தெரு தெரியும், ஜனங்கள் கை நீட்டித் தும்பிக்கையைத் தொடுவது தெரியும். நான் பதினோரு வருடம் முன்காலில் ஓடியவன். இதெல்லாம் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். துணியைத் தூக்கும்போது கை தானாக முன்பக்கத் துணியைத்தான் தூக்கியது. உண்மையாகவே அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேனா என்பதும் விளங்கவில்லை.

ஹேராகாஜியிடம் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா கூப்பிடுறாங்களாம்" என்றுதான் சொன்னேன். யாரை என்று அவன் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இதழ் கடைக்கு வரும். பேக்கா வாங்குவான், அவன்தான் எழுதச் சொன்னவன். தனமாயா என் கதைகளை முழுசாகப் படிக்கிறவள், திரி சுற்றுவதற்கு முன். ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் ஒரு மண்டலம் வரைகிறாளா, இரண்டா? பேக்கா அங்கே போய் உட்காருவானா, இல்லை முதலில் என் படியேறி வந்து என் சட்டையைப் பிடிப்பானா? முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அவர்கள் எழுதட்டும். அந்த வீட்டில் யார் போவது, யார் நிற்பது என்று ஒரு தடவை நான் தீர்மானித்தேன். இன்னொரு தடவை முடியாது. கதவை மட்டும் அன்று சாத்த மாட்டேன்.

என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். இரண்டு ஐம்பதுக்கு அந்தப் போனில் தனமாயா சொன்னது. ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்:

"அண்ணன் வேண்டாம், அண்ணன் நேத்து பூரா இங்கதான் இருந்தாரு. பேக்காவை இறக்கி அனுப்புங்க. அம்மா அவனைத்தான் கேக்குறாங்க."